கிருமிகளும் பேசிக்கொள்கின்றன... அந்தப் பேச்சை நிறுத்தினால் நோய் நிற்குமா?

2023-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கண் சொட்டு மருந்து பரபரப்பைக் கிளப்பியது. கண் வறட்சிக்குப் போடும் சாதாரண 'செயற்கைக் கண்ணீர்' அது. டாக்டர் சீட்டுகூடத் தேவையில்லை. சென்னை அருகே உள்ள ஒரு நிறுவனத்தில் தயாராகி, அங்கே விற்பனைக்குப் போனது. அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்ட கணக்குப்படி, 18 மாகாணங்களில் 81 பேருக்கு ஒரே ரகக் கிருமியின் தொற்று. 14 பேருக்குப் பார்வை இழப்பு. 4 பேருக்குக் கண்ணையே அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியிருந்தது. 4 பேர் இறந்தார்கள்.

அந்தக் கிருமியின் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. சிடிசி கண்டறிந்த ரகம், டாக்டர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கே அடங்காதது. அமெரிக்காவில் அதுவரை பார்த்திராத ரகம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சூடோமோனாஸ் ஒன்றும் அபூர்வமான கிருமி இல்லை. மண்ணில் இருக்கும், தண்ணீரில் இருக்கும், வீட்டு சிங்க் குழாயிலும் இருக்கும். தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அதே கிருமி ஒரு கண்ணிலோ, வென்டிலேட்டர் குழாயிலோ, தீக்காயத்திலோ போய் உட்கார்ந்து, எண்ணிக்கையும் கூடிவிட்டால் கதை மாறிவிடுகிறது. நேற்று வரை சும்மா இருந்த கூட்டம் திடீரென்று ஒரே நேரத்தில் தாக்க ஆரம்பிக்கிறது.

'இப்போ போதுமான ஆள் சேர்ந்துடுச்சு' என்று அந்தக் கூட்டத்துக்கு எப்படித் தெரிகிறது? யார் சொல்வது? இந்தக் கேள்விக்கான விடைதான் 'கோரம் சென்சிங்'. கிருமிகள் தங்களுக்குள் ரசாயனத்தில் பேசிக்கொள்ளும் முறை. ஆன்டிபயாட்டிக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் இந்தக் காலத்தில், 'கிருமியைக் கொல்ல வேண்டாம், அதன் பேச்சை நிறுத்தினால் போதும்' என்ற யோசனை அடிக்கடி செய்திகளில் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனைக்கு வயது முப்பதைத் தொடப்போகிறது. மெடிக்கல் ஷாப்பில் அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. ஏன்?

ஒரு கணவாயின் வயிற்றுக்குள் தொடங்கிய கதை

1970-ல் அமெரிக்காவில் கென்னத் நீல்சன், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் ஒளிரும் கடல் பாக்டீரியா ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். குடுவைக்குள் பாக்டீரியாவை விட்டால் அது பெருகிக்கொண்டே போகிறது, ஆனால் வெளிச்சம் வரவில்லை. நேரம் போகப் போக, எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டியதும் சட்டென்று மொத்தக் குடுவையும் ஒளிர்கிறது. கல்யாண மண்டபத்தில் மெயின் சுவிட்சைப் போட்ட மாதிரி.

அவர்கள் சொன்ன விளக்கம் இதுதான்: ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறிய ரசாயனத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆள் குறைவாக இருந்தால் அது தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். ஆள் கூடக் கூட அந்த ரசாயனமும் சேர்ந்துகொண்டே வரும். ஒரு அளவைத் தொட்டதும் அது பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டி, குறிப்பிட்ட மரபணுக்களை முடுக்கிவிடும். தலையை எண்ணுவதற்குப் பதில் வாசனையை வைத்துக் கூட்டத்தைக் கணக்கிடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது பலர் இதை நம்பவில்லை. பாக்டீரியா என்பது தனித்தனியாகத் தின்று, தனித்தனியாகப் பிளந்து பெருகும் ஒரு செல் உயிர், அதற்கு ஏது சமூக வாழ்க்கை என்பதுதான் அன்றைய எண்ணம். இத்தனைக்கும், நிமோனியா கிருமி ஹார்மோன் போன்ற ஒரு பொருளை வெளியிட்டுத் தன் கூட்டத்தின் நடத்தையை மாற்றுகிறது என்று அலெக்சாண்டர் டோமாஸ் 1965-லேயே சொல்லியிருந்தார். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடலில் இந்த ஒளிரும் பாக்டீரியாவுக்கு ஒரு வீடு உண்டு. ஹவாய் பக்கம் வாழும் கட்டைவிரல் அளவுக் கணவாய். இரவில் வேட்டைக்குப் போகும்போது நிலா வெளிச்சத்தில் தன் நிழல் கீழே விழாமல் இருக்க, உடலின் அடிப்பக்கத்தில் இந்த பாக்டீரியாக்களை வைத்து விளக்கெரிக்கிறது. விடிந்ததும் கிட்டத்தட்ட 95 சதவீதத்தை வெளியே தள்ளிவிடும். எண்ணிக்கை விழுந்ததும் விளக்கு அணைந்துவிடும். மாலைக்குள் மறுபடி பெருகி, மறுபடி எரியும். தினசரி ஷிப்ட் வேலைதான்.

1994-ல்தான் இதற்கு 'கோரம் சென்சிங்' என்ற பெயர் வந்தது. ஃபுகுவா, வினான்ஸ், கிரீன்பெர்க் மூவரும் எழுதிய கட்டுரையில் முதலில் பயன்படுத்தினார்கள். கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று சட்டமன்றத்திலும் அபார்ட்மென்ட் அசோசியேஷனிலும் சொல்வார்களே, அதே கோரம். தமிழில் 'குறைவெண் வரம்பு' என்று அழகான சொல் இருக்கிறது. 'கோரம்' என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தமும் வந்துவிடுகிறது. இந்தக் கிருமிகளைப் பொறுத்தவரை அதுவும் பொருந்தித்தான் போகிறது.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

ஒளிரும் பாக்டீரியாவில் பார்த்த அதே மாதிரி சுவிட்ச் சூடோமோனாஸிலும் இருக்கிறது என்று 1991-ல் அமெரிக்காவின் பார்பரா இக்லெவ்ஸ்கி குழு காட்டியது. அங்கிருந்துதான் இது மருத்துவத்தின் பிரச்சினை ஆனது.

சூடோமோனாஸிடம் ஒன்றல்ல, ஒன்றோடொன்று பின்னிய பல சிக்னல் அமைப்புகள் இருக்கின்றன. கூட்டம் சேர்ந்துவிட்டது என்று சிக்னல் கிடைத்ததும், திசுவைக் கரைக்கும் நொதிகள், சயனைடு, பயோசயனின் என்ற நீலப்பச்சை நஞ்சு எல்லாம் வெளியே வரும். தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை நிறச் சீழும், திராட்சை மாதிரி அடிக்கும் இனிப்பு வாடையும் நன்றாகத் தெரியும். அந்த நிறம், அந்த வாடை இரண்டுமே இந்தப் பேச்சுவார்த்தையின் விளைவுகள்.

ஏன் கூட்டம் சேரும்வரை காத்திருக்க வேண்டும்? நூறு கிருமிகள் நஞ்சைத் துப்பினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மாறாக, 'இங்க ஒருத்தன் இருக்கான்' என்று நோய் எதிர்ப்பு செல்களுக்குத் தகவல் போய்விடும், நூறும் காலி. கோடிக்கணக்கில் சேர்ந்த பிறகு ஒரே நேரத்தில் தாக்கினால் உடம்பு சுதாரிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

தாக்குதலோடு தற்காப்பும் சேர்ந்தே வருகிறது. கூட்டமாகச் சேர்ந்த கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. பெயர் பயோஃபிலிம். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் பல்லில் நாக்கை ஓட்டினால் வழவழவென்று தெரிகிறதே, அது ஒரு பயோஃபிலிம்தான். சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் குழாய், கான்டாக்ட் லென்ஸ் என்று எங்கெல்லாம் பிளாஸ்டிக் உடம்போடு சேர்கிறதோ அங்கெல்லாம் இது படியும். உள்ளே இருக்கும் கிருமியை ஆன்டிபயாட்டிக்கும் எளிதில் கொல்ல முடியாது, எதிர்ப்பு செல்களும் விழுங்க முடியாது. டாக்டர்கள் பல நேரம் மருந்தை மாற்றுவதைவிடக் குழாயையே மாற்றிவிடுவதற்கு இதுதான் காரணம்.

இதெல்லாம் சோதனைக்கூடத்தில் மட்டும் நடப்பதா என்ற சந்தேகம் 2000-ல் தீர்ந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும், அதில் சூடோமோனாஸ் வருடக்கணக்கில் குடியிருக்கும். அந்த நோயாளிகளின் சளியை எடுத்துப் பார்த்தபோது கிருமிகளின் சிக்னல் ரசாயனங்கள் அதிலேயே கிடைத்தன. மனித நுரையீரலுக்குள் அந்தப் பேச்சு நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டுக்கேட்பவர்கள்

இங்கே கதை கொஞ்சம் சிக்கலாகிறது. ஒரு கிருமியின் சிக்னலை அதன் இனம் மட்டும்தான் கேட்கும் என்று கிடையாது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் போனி பாஸ்லர் இந்தத் துறையில் மிகவும் பிரபலமான பெயர். 2015-ல் பீட்டர் கிரீன்பெர்க்கோடு ஷா பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பல இன பாக்டீரியாக்களுக்குப் பொதுவான ஒரு சிக்னல் இருப்பதைக் கண்டறிந்தது அவருடைய ஆராய்ச்சி. அதன் பெயர் ஏஐ-2. சாட்ஜிபிடி ஏஐ இல்லை, இது 'ஆட்டோஇன்ட்யூசர்' என்பதன் சுருக்கம். ஒவ்வொரு இனத்துக்கும் தாய்மொழி ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஏஐ-2 என்று அவர் விளக்குவது வழக்கம்.

பூஞ்சையும் பேசுகிறது. வாய்ப்புண், வெள்ளைப்படுதல் போன்றவற்றுக்குக் காரணமான கேண்டிடா அல்பிகன்ஸ், ஃபார்னசோல் என்ற பொருளை வெளியிட்டு, எப்போது உருண்டை வடிவத்தில் இருக்க வேண்டும், எப்போது திசுவைத் துளைக்கும் இழையாக நீள வேண்டும் என்று தன் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சூடோமோனாஸ் தன் சிக்னலை விட்டால் பக்கத்தில் இருக்கும் கேண்டிடா இழை விடுவதை நிறுத்திக்கொள்கிறது. இழையாக நீண்ட கேண்டிடாவைத்தான் சூடோமோனாஸ் ஒட்டிக்கொண்டு கொல்லும், உருண்டையாக இருந்தால் விட்டுவிடும். எதிரி வருவது தெரிந்து உருமாறிக்கொள்கிறது பூஞ்சை.

நம் உடம்பும் சும்மா இல்லை. சூடோமோனாஸின் முக்கியமான சிக்னலை உடைத்துப்போடும் நொதிகள் மனித செல்களில் இருக்கின்றன. அந்த சிக்னல்களைக் கேட்டு, கிருமிக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டு எதிர்ப்பைத் தயார்ப்படுத்தும் ஒரு புரதமும் நம்மிடம் இருக்கிறது என்று 2019-ல் ஒரு ஆய்வு காட்டியது. எதிர்த் திசையிலும் ஒட்டுக்கேட்பு உண்டு. ரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை ரகம் நம் உடம்பின் அட்ரினலினையே சிக்னலாக எடுத்துக்கொள்கிறது. நாம் பதற்றத்தில் சுரப்பது அதற்குத் தாக்குதல் உத்தரவு.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வைரஸ். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் ஒன்று, பாக்டீரியாவின் சிக்னலைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே பதுங்கியிருக்கிறது. கூட்டம் பெருகிவிட்டது, கொன்று வெளியே வந்தால் பக்கத்திலேயே நிறைய இரை கிடைக்கும் என்று தெரிந்ததும் தான் இருக்கும் செல்லை உடைத்துக்கொண்டு வருகிறது. 2019-ல் பாஸ்லரும் அவருடைய மாணவர் ஜஸ்டின் சில்ப்பும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

வாயை அடைக்கும் யோசனை

ஆன்டிபயாட்டிக் எல்லாமே கிருமியைக் கொல்கிறது, அல்லது வளரவிடாமல் தடுக்கிறது. அதனால் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு கிருமிகள் பெருகி, மருந்துக்கு அடங்காத கூட்டமாக மாறுகின்றன. மருத்துவ இதழான லான்செட் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர்.

பேச்சை மட்டும் நிறுத்தினால்? கிருமி சாகாது, வளர்வதும் நிற்காது. அதற்கு உயிர்போகும் நெருக்கடி இல்லை என்பதால் மருந்தை எதிர்க்கும் தேவையும் வராது. தாக்குதல் உத்தரவு வராமல் குழம்பி நிற்கும் கூட்டத்தை நம் எதிர்ப்பு செல்களே பார்த்துக்கொள்ளும். பேப்பரில் பார்த்தால் கச்சிதமான திட்டம்.

இதற்கான முதல் பொருளைக் கொடுத்தது ஒரு பாசி. ஆஸ்திரேலியக் கடலோரத்தில் வளரும் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியின் மேல் பாக்டீரியாப் படலம் சரியாக ஒட்டுவதில்லை. காரணம், அது சுரக்கும் ஃபுரனோன் என்ற ரசாயனம் பாக்டீரியாக்களின் சிக்னலைக் குழப்பிவிடுகிறது. இதைக் கொஞ்சம் மாற்றி உருவாக்கிய ஒரு பொருளைக் கொடுத்தபோது, எலிகளின் நுரையீரலில் இருந்த சூடோமோனாஸ் வேகமாகக் குறைந்தது. 2000-களின் தொடக்கத்தில் அதைச் சுற்றி நிறைய எதிர்பார்ப்பு. ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு அது நஞ்சு. அதோடு சரி.

அடுத்து, பூண்டு. சிரிக்க வேண்டாம், சீரியஸான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பூண்டில் இருக்கும் அஜோயின் என்ற பொருள் சூடோமோனாஸின் சிக்னலை மட்டுப்படுத்துவது சோதனைக்கூடத்தில் உறுதியான விஷயம். பிரிட்டனில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்குப் பூண்டு கேப்சூல் கொடுத்து ஒரு சிறிய சோதனை நடத்தி, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். போலி கேப்சூல் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 'பூண்டு பாக்டீரியாவின் வாயைக் கட்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு வந்தால், அதில் பாதிதான் உண்மை. தட்டில் நடப்பது நுரையீரலில் நடந்தாக வேண்டும் என்றில்லை.

மூன்றாவது, நம் எல்லோருக்கும் பழக்கமான பெயர்: அசித்ரோமைசின். கோவிட் காலத்தில் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை மாதிரி விற்ற அதே ஆன்டிபயாட்டிக். வழக்கமான அளவில் இது சூடோமோனாஸைக் கொல்லாது. ஆனாலும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தால் நுரையீரல் நிலைமை மேம்படுகிறது. காரணங்களில் ஒன்று, அது கிருமியின் சிக்னலைக் குறைப்பது. மற்றொன்று, அழற்சியைக் குறைப்பது. இரண்டில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஏன் இன்னும் மருந்து வரவில்லை?

முதல் சிக்கல், ஓசிச் சோறு. கல்யாண வீட்டில் மொய் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிருமிகளிலும் இருக்கிறார்கள். சூடோமோனாஸ் கூட்டத்தில் சிலவற்றுக்கு சிக்னலைக் கேட்கும் மரபணுவே கெட்டுப்போயிருக்கும். அவை நொதி தயாரிக்காது, நஞ்சு தயாரிக்காது. மற்றவர்கள் திசுவைக் கரைத்து வைத்ததை மட்டும் தின்றுவிட்டு, மிச்சமாகும் சக்தியில் வேகமாகப் பெருகும். ஓசிக்காரர்கள் அதிகமானால் மொத்தக் கூட்டமும் சோர்ந்துவிடும். நோயாளிக்கு ஒருவகையில் நல்லது.

இப்போது எல்லோருடைய பேச்சையும் நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? யாருமே நொதி தயாரிக்கவில்லை என்றால் ஓசிச் சோறும் இல்லை. ஓசிக்காரர்களுக்கு இருந்த அனுகூலம் போய்விடும். உழைக்கும் கிருமிகள் தாக்குப்பிடித்து நிற்கும். இது வெறும் தியரி இல்லை. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளிடம் அசித்ரோமைசினை வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. மருந்து கொடுக்காதவர்களிடம் நாளாக ஆக ஓசிக்காரக் கிருமிகள் கூடின. மருந்து கொடுத்தவர்களிடம் சிக்னல் நன்றாக வேலை செய்யும், வீரியமான கிருமிகளே நிலைத்து நின்றன. மருந்தை நிறுத்தியதும் அவை என்ன செய்யும் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. 'பேச்சை நிறுத்துவது' என்ற யோசனையின் அடிப்படையையே அசைத்துப் பார்த்த ஆய்வு இது. ஆனால் இந்தத் துறையைப் பற்றி வரும் உற்சாகச் செய்திகளில் இதை அதிகம் பார்க்க முடியாது.

இரண்டாவது, ஒவ்வொரு கிருமிக்கும் கணக்கு வேறு. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டைஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கூட்டம் சேர்ந்ததும் நஞ்சை விடுகிறது. அதே சமயம் படலத்தைக் கரைத்துக்கொண்டு பரவவும் செய்கிறது. அதன் சிக்னலை நிறுத்தினால் நஞ்சு குறையும், ஆனால் படலம் இன்னும் கெட்டியாகிவிடும். செயற்கை மூட்டிலோ இதய வால்விலோ அது குடியேறியிருந்தால் நிலைமை மோசமாகலாம். நாள்பட்ட ஸ்டைஃப் தொற்றுகளில் சிக்னல் கெட்டுப்போன ரகங்களே பல நேரம் கிடைக்கின்றன.

காலரா இன்னும் விசித்திரம். சூடோமோனாஸுக்கு நேர் எதிர். குடலுக்குள் நுழையும்போது, எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே காலரா கிருமி ஒட்டிக்கொண்டு நஞ்சை விடுகிறது. கூட்டம் பெருகி சிக்னல் ஏறியதும் நஞ்சை நிறுத்திவிட்டு, குடல் சுவரிலிருந்து கழன்று வயிற்றுப்போக்கோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடிப் போகிறது. நாள்பட்டுத் தங்கும் கிருமிக்கும், வந்த வேலை முடிந்ததும் கிளம்பும் கிருமிக்கும் உள்ள வித்தியாசம் இது. காலராவின் பேச்சை நிறுத்தினால் நோய் நிற்காது, தீவிரமாகும். அங்கே செய்ய வேண்டியது சிக்னலைக் கூட்டுவது. 'கூட்டம் சேர்ந்துடுச்சு, கிளம்பு' என்று அதை ஏமாற்ற வேண்டும்.

மூன்றாவது, 'எதிர்ப்பே வராது' என்ற வாக்குறுதி. அதுவும் முழுசாக நிற்கவில்லை. 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், ஃபுரனோன் வகை மருந்தை வெளியே துப்பிவிடக் கற்றுக்கொண்ட சூடோமோனாஸ் ரகங்கள் பதிவாகின. சில சூழ்நிலைகளில் பேச்சு நின்றால் கிருமிக்கு உணவு கிடைப்பதும் நிற்கும். அப்போது அதற்கும் அது வாழ்வா சாவா பிரச்சினைதான். எதிர்ப்பு வர அதிக நாள் பிடிக்கலாம் என்பது வரை சொல்லலாம். வரவே வராது என்று சொல்வது மார்க்கெட்டிங்.

இதோடு நேரப் பிரச்சினையும் இருக்கிறது. நோயாளி காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது கிருமிகள் கூட்டம் போட்டு, பேசி முடித்து, தாக்குதலும் தொடங்கியிருக்கும். கூட்டம் முடிந்த பிறகு மைக்கைப் பிடுங்கி என்ன பயன்? எந்தக் கிருமி என்று லேப் ரிப்போர்ட் வருவதற்கே இரண்டு மூன்று நாள் ஆகும் நிலையில், ஒரே ஒரு இனத்தின் சிக்னலை மட்டும் தடுக்கும் மருந்தை எந்த டாக்டரும் தைரியமாக முதலில் எழுதமாட்டார்.

கடைசியாகப் பணம். புதிய ஆன்டிபயாட்டிக் தயாரித்தாலே லாபம் இல்லை என்பதுதான் இன்றைய நிலை. அகாவோஜென் என்ற அமெரிக்க நிறுவனம் 2018-ல் ஒரு புதிய ஆன்டிபயாட்டிக்குக்கு அனுமதி வாங்கியது. 2019-ல் திவால் ஆனது. கிருமியைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் முடக்கும் பெஸ்லோடாக்ஸுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிக்னலைத் தடுப்பது இல்லை என்றாலும் இதே சிந்தனையில் உருவான மருந்து. அதை மெர்க் நிறுவனம் 2025-ல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது. கொல்லும் மருந்துக்கே இந்தக் கதி என்றால், கொல்லாத மருந்துக்கு முதலீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதன் பலனை நிரூபிப்பதும் சுலபம் இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் கிருமி போய்விட்டதா என்று பார்த்தால் போதும். இங்கே கிருமி இருக்கும், ஆனால் தொல்லை தராது. அதை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் மாதக்கணக்கில் காட்ட வேண்டும்.

பதில் வேறு பக்கத்திலிருந்து வருகிறதா?

நம்பிக்கை தரும் முடிவுகள் இப்போது மாத்திரை பக்கம் இல்லை, குடல் பக்கம் இருக்கின்றன.

முதலில் காலரா. 2010-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், காலரா கிருமியின் சிக்னலைத் தயாரிக்கும்படி மாற்றியமைத்த தீங்கில்லாத ஈ.கோலையை எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். பிறகு காலராவைக் கொடுத்தபோது பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. 'கிளம்பு' என்ற பொய்த் தகவல் வேலை செய்தது. இயற்கையே இதைச் செய்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. வங்கதேசத்தின் டாக்காவில் காலராவிலிருந்து குணமானவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 2014-ல் வெளியான கட்டுரை, ரூமினோகாக்கஸ் ஓபியம் என்ற சாதாரணக் குடல் பாக்டீரியா, ஏஐ-2 சிக்னல் மூலமாக காலரா கிருமியைக் குடியேறவிடாமல் தடுக்க உதவுவதைக் காட்டியது.

அடுத்தது தாய்லாந்து. கிராமங்களில் 200 பேரிடம் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, குடலில் பேசில்லஸ் வகை பாக்டீரியா இருந்தவர்கள் யாரிடமும் ஸ்டைஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை. பேசில்லஸ் சுரக்கும் ஃபெங்கிசின் என்ற பொருள் ஸ்டைஃபின் சிக்னலை அடைத்துவிடுகிறது. சிக்னல் இல்லாமல் ஸ்டைஃபால் குடலில் இடம்பிடிக்க முடியவில்லை. 2018-ல் இது வெளியானது. அத்தோடு நிற்காமல் மனிதர்களிடம் சோதனையும் நடந்தது. 115 பேரில் ஒரு பிரிவுக்கு நான்கு வாரம் தினமும் பேசில்லஸ் சப்டிலிஸ், இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரை. 2023-ல் வந்த முடிவின்படி, பேசில்லஸ் சாப்பிட்டவர்களின் மலத்தில் ஸ்டைஃபின் அளவு 96.8 சதவீதமும், மூக்கில் 65.4 சதவீதமும் குறைந்தது. மற்ற குடல் பாக்டீரியாக்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்து உடனே தயிர்க் கிண்ணத்தைத் தேட வேண்டாம். தயிரில் இருப்பது லாக்டிக் அமில பாக்டீரியா, அது வேறு கூட்டம். இந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களும் நோயாளிகள் இல்லை, ஸ்டைஃப் கிருமியைச் சுமந்துகொண்டிருந்த ஆரோக்கியமானவர்கள். அதில்தான் இதன் பலமே இருக்கிறது. மேலே சொன்ன நேரப் பிரச்சினை இங்கே இல்லை, கூட்டம் கூடுவதற்கு முன்பே பேச்சு தடைபடுகிறது. நாள்பட்ட படலம் இல்லை என்பதால் அது கெட்டியாகும் ஆபத்தும் குறைவு.

ஆபரேஷனுக்கு முன்பு, டயாலிசிஸ் தொடங்கும் முன்பு, ஐசியுவில் சேர்க்கும்போது உடம்பில் இருக்கும் ஸ்டைஃபைக் குறைக்க இன்று மூக்கில் ஆன்டிபயாட்டிக் களிம்பு தடவுகிறார்கள். அந்தக் களிம்புக்கும் கிருமிகள் பழகி வருகின்றன. சிக்னலைத் தடுக்கும் முறைக்கு முதல் வேலை கிடைப்பதாக இருந்தால் அது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். அடுத்தபடியாக, சிறுநீர்க் குழாய் போன்றவற்றின் மேல் பூசும் பூச்சாகவும், ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்தாகவும் ஆய்வுகள் நடக்கின்றன. தாய்லாந்து சோதனையின் அடுத்த கேள்வியும் அதுதான்: மலத்திலும் மூக்கிலும் குறைந்த ஸ்டைஃப், ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் வந்தவர்களிடம் நிஜமான தொற்றையும் குறைக்குமா? அதற்குப் பதில் சொல்ல 115 பேர் போதாது.